குடைத்துணி முகமூடி

கல்யாணமான முதல் வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் போட்ட சண்டைகளில் முக்கால்வாசி அவருடைய வேலையைப் பற்றியதுதான். பெண் பார்க்க வந்தவர்கள், பையனுக்கு அரியலூரில் கம்பெனி வேலை என்று சொல்லியிருந்தார்கள். வந்து பார்த்தால், ஊருக்கு வெளியே பொட்டலில் போட்டிருந்த டூரிங் கொட்டாய்தான் அந்தக் கம்பெனி. மேலே கீற்றுக் கூரை, கீழே மணல், ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்புயர மண்சுவர். அவர் அங்கே டிக்கெட் கிழிப்பார், போஸ்டர் ஒட்டுவார், ரீல் அறுந்தால் ஓடிப்போய் ஆபரேட்டருக்குக் கை கொடுப்பார், படம் முடிந்ததும் மணலில் தூங்குகிறவர்களை எழுப்பி அனுப்புவார். இத்தனையும் செய்கிறவருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது.

நான் பால்வாடி டீச்சர். தினமும் காலையில் பஸ் ஏறி, மெயின் ரோட்டில் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் நடந்து ஒரு சுண்ணாம்புக்கல் ஊருக்குப் போவேன். பூமியைத் தோண்டி வெள்ளைக் கல்லை எடுத்து லாரியில் ஏற்றுவதுதான் அங்கே பாதிப் பேருக்குப் பிழைப்பு. பிள்ளைகளின் தலைமுடியில் எப்போதும் வெள்ளைப் புழுதி இருக்கும். அந்த ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர், அவ்வளவுதான். டீச்சர் வீட்டுக்காரர் யார், அவர் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டிருந்தாலும் பெயரைச் சொல்லியிருக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் ஆயுசில் குறையும் என்பது என் அம்மாவின் கட்சி. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் கேட்டபோது, "மலை மேல நிக்கிற சாமி பேருங்க" என்று சொல்லிவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இரண்டு மூன்று பெயர் சொல்லிப் பார்த்து, கடைசியில் நான் தலையாட்டிய பெயரை எழுதிக்கொண்டார். மனசு நம்பவில்லை என்றாலும் நாக்கு நம்பிக்கொண்டிருந்தது.

கொட்டாயில் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. புதுத் தமிழ்ப் படத்தை வாடகைக்கு எடுக்க முதலாளிக்குக் கட்டாது. அதனால் வாரத்தில் சில நாள் திருச்சியிலிருந்து பழைய வெளிநாட்டுப் படப் பெட்டி வரும். யாருக்கும் பாஷை புரியாது. எனவே இவர் திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று தமிழில் கதை சொல்லுவார். இவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. பெட்டி வந்ததும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, உதட்டசைவுக்குத் தோதாகத் தானே ஒரு கதையைக் கட்டிக்கொள்வார். படத்தில் யாரோ துரை துரைசாணியிடம் காதல் பேசிக்கொண்டிருப்பார், இவர் அதை மளிகைக் கடை பாக்கிப் பிரச்சினையாக மாற்றிவிடுவார். படத்துக்காக இல்லை, இவர் பேச்சுக்காகவே பாடாலூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவர்கள் உண்டு என்று பெருமையாகச் சொல்லுவார். நான் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கோடையில் இத்தாலிப் படம் ஒன்று வந்தது. காமிக்ஸ் புத்தகங்களில் வருகிற முகமூடி வில்லன்களைக் கேலி பண்ணி எடுத்த படம். தலையிலிருந்து கால் வரை கறுப்புத் துணி போட்ட ஒருவன், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தன்னைப் பார்த்து உலகமே நடுங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆனால் எதுவும் கூடிவராது. கொலை மிரட்டல் விடப் போன் பண்ணுவான். எடுக்கிற கிழவி பால்காரன் என்று நினைத்துக்கொண்டு அவனைத் திட்டித் தீர்ப்பாள். சுவர் ஏறிக் குதித்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே குதிப்பான். எங்கே போனாலும் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லிச் சிரிப்பான், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

முதல் நாள் நானும் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். கொட்டாயே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கறுப்பு முகம் திரையில் வந்ததும் என் கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது.

காரணம் இருந்தது. அந்தக் கோடையில் சுற்றுவட்டாரத்தில் முகமூடித் திருடர் பயம். ஆண்கள் குழியில் கல் வெட்டப் போன பிறகு, பட்டப்பகலில், முகத்தை மூடிய ஒருவன் கொல்லைப் பக்கமாக வருகிறான், தாலியை அறுத்துக்கொண்டு போகிறான் என்று பேச்சு. பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் பால்வாடியில் படிக்கிற ஒரு பெண் குழந்தையின் அம்மாவுக்கே அது நடந்தது. கழுத்தைச் சுற்றிக் கயிறு அறுத்த புண்ணோடு அவள் குழந்தையைக் கொண்டுவந்து விட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அவள் புருஷன் கல்குழியில் வேலை பார்க்கிற கட்டுமஸ்தான ஆள். அன்றிலிருந்து அவர் வேலைக்குப் போவதையே குறைத்துக்கொண்டு, கடப்பாரையும் கையுமாக ஊரைச் சுற்றிவந்தார். அந்த ஒற்றையடிப் பாதையில் தினமும் தனியாக நடக்கிறவளுக்கு முகமூடியைப் பார்த்தால் எப்படிச் சிரிப்பு வரும்?

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார், "எல்லாரும் சிரிச்சாங்க. நீ மட்டும் ஏன் உம்முன்னு ஒக்காந்திருந்த?"

"திருடனப் பாத்து எனக்குச் சிரிப்பு வரலைங்க."

"அது திருடன் இல்ல, கோமாளி."

"ரெண்டு பேருக்கும் ஒரே சட்டதானே போட்டு வுட்டிருக்காங்க" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, கிழிந்த குடை ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். முதலாளிக்கு ஒரு யோசனை வந்திருந்தது. விளம்பர வண்டிக்கு முன்னால் முகமூடிக்காரனையே நடக்கவிட்டால் ஊர் ஊராகக் கூட்டம் வரும். நடக்கப் போவது இவர்தான். குடைத் துணியை வெட்டி முகமூடி தைத்துத் தர வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஊரே பயந்து கெடக்கு. இந்த நேரத்துல மூஞ்சிய மூடிக்கிட்டுத் தெருவுல போவீங்களா? எவனாவது அடிச்சுப் போட்டா என்ன பண்றது?" என்று கத்தினேன்.

"அந்தப் பயம் போகணும்னுதான் சொல்றேன். திருடனப் பாத்து ஒரு தடவ சிரிச்சுட்டா அப்புறம் எங்கேருந்து பயம் வரும்?" என்றார். அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. ஆனாலும் தைத்துக் கொடுத்தேன். படத்தில் உள்ளதுபோலவே இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதால் கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டேன், வாய்க்கு விடவில்லை. கழுத்தில் கட்ட இரண்டு நாடா வைத்தேன்.

விளம்பர வண்டி கிளம்பிய அன்று காலை, பஸ்ஸுக்குப் போகிற வழியில் கொட்டாய் வாசலில் நின்றேன். மாட்டு வண்டியில் இரண்டு பக்கமும் போஸ்டர் தட்டி, மேலே குழாய் ஸ்பீக்கர், உள்ளே பேட்டரி, மைக்கோடு ஒரு ஆள். இவர் கறுப்புச் சட்டை, கறுப்புப் பேன்ட்டில் முகமூடியை மாட்டிக்கொண்டு என் முன்னால் குனிந்தார். கழுத்துக்குப் பின்னால் நாடாவைக் கட்டிவிட்டேன். கோபத்தில் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு இழுத்தேன்.

"கழுத்து!" என்றார். துணிக்குள்ளிருந்து வந்த குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "மத்தியானம் ஒங்க ஊர்ப் பக்கந்தான் வர்றோம். பால்வாடிக்கே வர்றேன். பிள்ளைங்க முன்னாடி ஒன்னச் சிரிக்க வெக்கல, நான் மைக்கப் புடிக்கறத வுட்டுர்றேன்."

"வராதீங்க" என்றேன். அதற்குள் என் பஸ் ஹாரன் அடித்தது. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகிற கூட்டம் படி வரைக்கும் நின்றது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படுக்க வைத்திருந்தோம். நானும் சமையல் ஆயாவும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அப்போது காற்றில் மைக் சத்தம் வந்தது. வண்டி தூரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தது. காற்று வீசும்போது சத்தம் வரும், நின்றால் நின்றுவிடும். "வருகிறான்! வருகிறான்!" என்று ஒரு வீச்சில் வந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "கதவைப் பூட்டினாலும் வருவான்!" அப்புறம், "உங்கள் ஊருக்கே வருகிறான்!" எந்தக் கொட்டாய், என்ன படம், எத்தனை மணி ஆட்டம் என்கிற பகுதியெல்லாம் காற்றோடு வேறு எங்கோ போய்விட்டது.

தெருவில் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். கடப்பாரைக்காரரும் வந்தார். அந்தக் காலத்துத் தீவட்டிக் கொள்ளைக்காரர்கள் இன்ன நாள் வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டு வருவார்களாம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் அது. "மைக்கு வெச்சே சொல்றானுவோ பாரு, அவ்ளோ திமிரு" என்றார் அவர்.

"அய்யோ, அது சினிமா வெளம்பரங்க. டவுன் கொட்டாயில புதுப் படம்" என்றேன்.

சில பேர் நம்பினார்கள், சில பேர் நம்பவில்லை. "இன்று மாலை உங்கள்" என்ற இடத்தில் குரல் அறுந்து நின்றது. அதற்குப் பிறகு காற்று வீசியும் சத்தம் வரவில்லை. பேட்டரி தீர்ந்துபோய், வேறு பேட்டரி வாங்க வண்டிக்காரர் போயிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அப்போது, பேச்சு நின்றதுதான் எல்லோரையும் அதிகமாகப் பயமுறுத்தியது. பெண்கள் வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளும் சத்தம் தெரு நெடுகக் கேட்டது.

வண்டி நின்றதும் இவர் சும்மா இருந்திருக்கலாம். ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம். காலையில் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமாம். முகமூடியோடு, குறுக்கு வழியாக, காட்டைத் தாண்டித் தனியாக நடந்து வந்திருக்கிறார். ஊர் ஓரத்தில் முதல் வீடு, கழுத்தில் புண்பட்ட அந்தப் பெண்ணுடைய வீடு. கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம், வேலிக்கு மேல் தலையை நீட்டி, பால்வாடி எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார். குடைத் துணிக்குள்ளிருந்து 'பால்' வெளியே வரவில்லை. 'வாடி' மட்டும்தான் வந்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு தடவை தாலி அறுபட்டவள். வேலிக்கு மேலே கறுப்பு முகம். அது அவளைப் பார்த்து, "வாடி" என்கிறது. அவள் போட்ட அலறல் பால்வாடிக்குள் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்தது.

அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. "புடி, புடி, முகமூடி" என்று கத்திக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். எனக்கு விஷயம் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஆயாவிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவள் கதவைச் சாத்திச் சங்கிலியைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடினாள்.

ஊருக்கு மேற்கே பழைய கல்குழி ஒன்று இருந்தது. கல் தீர்ந்துபோனதும் கைவிட்டுவிட்ட குழி. நாலு பக்கமும் செங்குத்தாக வெள்ளைச் சுவர், அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர், இறங்க ஒரே ஒரு சரிவுப் பாதை. துரத்தலில் இவர் அந்தச் சரிவில் இறங்கி, அடியில் ஒரு பாறை விளிம்புக்குக் கீழே போய் ஒடுங்கிக்கொண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது ஊர் மொத்தமும் குழியைச் சுற்றி நின்றது. அந்த ஊரில் கல்லுக்கா பஞ்சம்? ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருந்தது.

குழிக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. அவர் நான்தான், நான்தான் என்று என்னவோ கத்தியிருக்க வேண்டும். துணி பாதியை விழுங்கியது, மீதியைக் குழிச் சுவர்கள் மாற்றி மாற்றி எதிரொலித்து ஒரு ஊளையாக மேலே அனுப்பின. அது மனுஷக் குரலாகவே இல்லை. என் காதுக்கும் இல்லை.

"கல்லப் போடாதீங்க! அவரு எங்க வூட்டுக்காரரு!" என்று கத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போனேன். சரிவில் இறங்கப் பார்த்தேன். பெண்கள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். "போவாதீங்க டீச்சர், கத்தி வெச்சிருப்பான்" என்றார்கள். அவர்கள் என்னைக் காப்பாற்றுகிறார்களாம்.

கடப்பாரைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் கண் சிவந்திருந்தது. "மூஞ்சியே தெரியல. ஒங்க வூட்டுக்காரருன்னு எப்படிச் சொல்றீங்க டீச்சர்?"

அந்தக் கேள்வி என்னை ஒரு உலுக்கு உலுக்கியது. எப்படிச் சொல்கிறேன்? நான் பார்க்கவில்லை. வந்தவன் உண்மையான திருடனாகவே இருந்தால்? அவனும் கறுப்புத் துணிதானே கட்டியிருப்பான்? ஆனால் அவராக இருந்தால்? "அந்த முகமூடிய நாந்தான் தெச்சேன். சினிமா வெளம்பரத்துக்குத் தெச்சது" என்றேன்.

"திருடனுக்கு முகமூடி தெச்சுக் குடுத்தீங்களா?" என்று ஒருவன் பின்னாலிருந்து கேட்டான். நாலு பேர் என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். முதல் கல் அப்போதுதான் குழிக்குள் போனது. அது தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. இரண்டாவது கல் பாறையில் பட்டுத் தெறித்தது. அடுத்ததற்கு உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது.

போலீசுக்கு ஆள் அனுப்பலாம் என்று யாரோ சொன்னார்கள். போலீஸ் வருவதற்குள் ஓடிவிடுவான் என்று வேறு யாரோ சொன்னார்கள். கடப்பாரைக்காரர் மட்டும் கொஞ்சம் நிதானித்தார். அவர் குழந்தைக்குத் தினமும் சோறூட்டுகிறவள் நான். "இங்க பாருங்க டீச்சர். ஒங்க வார்த்தைக்கு ஒரு மருவாத தர்றோம். ஒங்க வூட்டுக்காரரு பேரு என்னா? கூப்புடுறோம். பேருக்குப் பதிலு சொல்லிட்டு மேல வந்தா வுட்டுர்றோம். வர்லன்னா அவன் திருடன்."

"மலை மேல நிக்கிற சாமி பேருங்க" என்றேன். பழக்கம்.

"முருகா!" என்று அவர் குழிக்குள் கத்தினார். குழி "முருகா, முருகா" என்று திருப்பிச் சொன்னது. உள்ளே சத்தமில்லை. நான் தலையை ஆட்டினேன்.

"பழனி!" அதுவும் இல்லை. "வேலு!" இல்லை. "தண்டபாணியா?" இல்லை, இல்லை. அந்தச் சாமிக்குத்தான் எத்தனை பெயர். உள்ளே ஒடுங்கியிருந்தவருக்கோ, இவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுத் தன்னைப் பலி போடப் போகிறார்கள் என்று தோன்றியதாம். இன்னும் உள்ளே ஒடுங்கிக்கொண்டார். ஒவ்வொரு தவறான பெயருக்கும் பதில் வராதபோது கூட்டத்தின் முகம் மாறிக்கொண்டே போனது. "பாத்தீங்களா, எந்தப் பேருக்கும் வர மாட்டேங்கறான்" என்றார்கள்.

பெண்கள் பிடியிலிருந்து ஒரு கையை மட்டும் உருவிக்கொண்டு, கீழே குனிந்து அவர் பெயரை வெள்ளைப் புழுதியில் விரலால் எழுதினேன். டீச்சர் புத்தி. முதல் எழுத்தைப் போட்டேன், இரண்டாவது எழுத்தைப் போட்டேன். கடப்பாரைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே" என்றார். படிக்கத் தெரிந்தவர்கள் யார் என்று நான் நிமிர்வதற்குள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தவர்களின் கால்கள் எழுத்தின் மேல் நின்றுவிட்டன.

விளிம்பில் ஒரு பெரிய பாறை பாதி பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் அவர் ஒடுங்கியிருந்த இடம். இரண்டு மூன்று பேர் அதை ஆட்டிப் பார்த்தார்கள். "டீச்சர், கடைசியாக் கேக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே கடப்பாரைக்காரர் கடப்பாரையைப் பாறைக்கு அடியில் கொடுத்தார். அவர் மனைவி, கழுத்துப் புண்ணோடு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கடப்பாரை நெம்பியது. பாறைக்கடியில் சரளை உதிர்ந்தது.

பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்றாள் அம்மா. சொல்லாவிட்டால் அந்த ஆயுசு இந்தக் கடப்பாரை நெம்புகிற நேரம்தான். நான் கத்தினேன்.

அவர் பெயரை, முழுப் பெயரை, கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்ததை அப்படியே கத்தினேன். நான் ஒரே தடவைதான் சொன்னேன். குழி அதை வாங்கித் திரும்பத் திரும்பச் சொன்னது. ஒரு சுவர் சொன்னதை அடுத்த சுவர் சொன்னது. என் குரலிலேயே என் புருஷன் பெயர் என் முகத்தில் வந்து மோதிக்கொண்டிருந்தது.

அது அடங்கியதும் பால்வாடி ஆயாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அடி ஆத்தே, புருசன் பேரச் சொல்லிப்புட்டாளே!"

பெண்கள் என் கையை விட்டுவிட்டார்கள். நான் அழுதபோதும், முகமூடியை நானே தைத்தேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னபோதும் விடாதவர்கள், அப்போது விட்டார்கள். கழுத்துப் புண்காரி தன் புருஷன் தோளைப் பிடித்து இழுத்தாள். "கடப்பாரய எடுய்யா. எந்தப் பொம்பளயாவது ஊரு முன்னாடி பொய்யுக்குப் புருசன் பேரச் சொல்லுவாளா? எடுய்யா!" என்றாள். அவர் கடப்பாரையை உருவினார். பாறை அசைந்துவிட்டு அப்படியே நின்றது.

குழிக்குள் முதலில் ஒரு கை வெளியே வந்தது. பிறகு கறுப்புத் தலை. அது அண்ணாந்து மேலே பார்த்தது. இரண்டு ஓட்டை வழியாகவும் அத்தனை பேரையும் விட்டு என்னைத் தேடியது. அந்தப் பார்வையைப் பார்த்ததும்தான் எனக்கே உறுதியானது, அவர்தான். இறங்கி ஓடினேன். சரிவில் பாதி சறுக்கிக்கொண்டே போனேன்.

என் முடிச்சை என்னாலேயே அவிழ்க்க முடியவில்லை. வியர்வையில் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். துணியை உருவியதும் புருவத்திலிருந்து ரத்தம் வடிந்தது, இடது கை வீங்கியிருந்தது. அடி, வலி, பயம் எதைப் பற்றியும் அவர் பேசவில்லை.

"என் பேரயா சொன்ன?" என்றார்.

"பேசாம ஏறுங்க" என்றேன்.

மேலே வந்தபோது கூட்டம் வழி விட்டது. கல்லை எங்கே போடுவது என்று தெரியாமல் பலர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்கள். கடப்பாரைக்காரர் தன் தலைத்துண்டைக் கிழித்து என் வீட்டுக்காரர் புருவத்தில் கட்டினார். "இவ கழுத்தப் பாத்துட்டு எனக்குப் புத்தி போயிடுச்சுங்க" என்றார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக இருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. உண்மையான திருடன் கடைசி வரை பிடிபட்டதாகத் தெரியவில்லை.

மாலையில் கொட்டாய்க்குப் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "டிக்கெட் கிழிக்கவே ஆளு இல்ல, கத சொல்ல யாரு இருக்கா?" என்று புருவத்தில் கட்டோடு கிளம்பிவிட்டார். வழியில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே, "இன்னொரு தடவ சொல்லேன், கேப்போம்" என்றார்.

"ஆயுசு வேணுமா, வேணாமா?"

"கொஞ்சம் கொறஞ்சா பரவால்ல" என்றார். அவரை முறைத்தேன்.

முதல் ஆட்டத்துக்கு அந்தச் சுண்ணாம்பு ஊரே வந்துவிட்டது. டிராக்டர் பிடித்து வந்திருந்தார்கள். கடப்பாரைக்காரர் மண்சுவருக்கு அந்தப் பக்கம், கடப்பாரை இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எனக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். திரையில் கறுப்பு முகம் வந்ததும் அவள் உடம்பு விறைத்ததை என் தோளில் உணர்ந்தேன். அவன் சுவர் ஏறிப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் குதித்தபோது அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பு. அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை.

கடைசிக் காட்சியில் அந்த முகமூடிக்காரன் ஒரு உயரமான கட்டடத்தின் உச்சியில் ஏறி நின்று, ஊரையே பார்த்துத் தன் பெயரைக் கத்துவான். கீழே போகிறவர்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அந்த இடத்தில் இவர் வழக்கமாக ஒரு கேலி சொல்லுவார், கொட்டாய் குலுங்கும். அன்றைக்கு அந்தக் கேலியைச் சொல்லவில்லை.

மைக்கில் இப்படிச் சொன்னார், "பாருங்க, இவன் பேர இவனே கத்திக்கிட்டுக் கெடக்கான். பாவம். பேர் சொல்லிக் கூப்புட இவனுக்குன்னு ஒருத்தி இல்ல."

பெண்கள் பக்கம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் என்னைச் சிரிக்க வைப்பேன் என்று காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. முந்தானையை இழுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டேன். கண் மட்டும்தான் வெளியே இருந்தது. உள்ளே சிரித்துக்கொண்டிருந்தேன், அழுதுகொண்டும் இருந்தேன்.